புது வீட்டுக்கு மாறும் செலவை எங்கே குறைக்கலாம்?

நிலவன்:
அடுத்த மாதம் வீடு மாறுகிறோம். முன்பணத்துக்கே சேமிப்பில் பெரும்பகுதி போய்விட்டது, அப்புறம் லாரி வாடகை. புது வீடு கொஞ்சம் பெரியது என்பதால் சோபா, அலமாரி, திரைச்சீலை என்று வாங்க வேண்டியவை நீண்டுகொண்டே போகின்றன. எல்லாவற்றையும் குடிபோகும் முன்பே வாங்கிவிட்டால் அலைச்சல் மிச்சம் என்கிறார் மனைவி. எனக்குப் பயமாக இருக்கிறது. எதில் கை வைத்தால் உண்மையிலேயே செலவு குறையும்?

கயல்:
முதல் மாதம் எதையும் வாங்காதீர்கள், பெரிய மிச்சம் அதில்தான். வெயில் எந்த ஜன்னலில் அடிக்கிறது, சுவிட்ச்போர்டு எங்கே இருக்கிறது, எல்லோரும் எங்கே போய் உட்காருகிறோம் என்பதெல்லாம் குடியிருந்து பார்த்தால்தான் தெரியும். திரைச்சீலை மட்டும் விதிவிலக்கு, அதுவும் படுக்கையறைக்கு ஒரு பழைய போர்வை போதும். சோபா வாங்கியே ஆக வேண்டுமென்றால், அதன் நீள அகலத்துக்குப் பழைய செய்தித்தாளைத் தரையில் விரித்து ஒட்டிவிட்டு ஒரு நாள் முழுக்க அதைச் சுற்றி நடந்து பாருங்கள். பால்கனிக் கதவு இடிக்கிறதா, நடக்க வழி இருக்கிறதா என்பது அப்போதே தெரிந்துவிடும். வாசல்கதவு, லிஃப்ட், படிக்கட்டுத் திருப்பம் எல்லாவற்றையும் டேப் வைத்து அளந்துகொள்ளுங்கள். அறைக்குள் பொருந்தும் சோபா வாசலுக்குள் நுழையாமல் போவது நிறையவே நடக்கிறது.

செல்வி:
கயல் சொல்வது சரி, ஆனால் லாரி விஷயத்தையும் விடாதீர்கள். மாதக் கடைசியிலும் சனி, ஞாயிறிலும்தான் எல்லோரும் வீடு மாறுவார்கள், மாத நடுவில் வேலை நாளில் கேட்டால் பேரம் படியும். சாமானை நேரில் பார்த்துவிட்டுத் தொகை சொல்லச் சொல்லுங்கள். மாடிக்கு ஏற்றும் கூலி, கழற்றி மாட்டும் கூலி எல்லாம் அதில் அடக்கமா என்று எழுத்தில் வாங்கிவிடுங்கள், சண்டையே அங்கேதான் வரும். புத்தகங்களைச் சின்னப் பெட்டிகளில் போடுங்கள். தட்டுகளைப் படுக்கவைக்காமல் செங்குத்தாக நிறுத்தி, இடையில் துணிகளைச் செருகினால் தனியாக பபுள் ஷீட் வாங்க வேண்டாம்.

ஃப்ரிட்ஜை முந்தின நாளே அணைத்து ஐஸ் உருகவிட்டு, நிமிர்ந்த நிலையிலேயே கொண்டுபோகச் சொல்லுங்கள். சாய்த்துவிட்டால் கம்ப்ரஸர் எண்ணெய் குழாய்க்குள் போய்விடும், சில மணி நேரம் நிற்கவைத்த பிறகுதான் போட வேண்டும். முன்பக்கம் துணி போடும் வாஷிங் மெஷினுக்கு டிரம்மைப் பூட்டும் போல்ட்டுகள் உண்டு, அவற்றை மாட்டாமல் ஏற்றாதீர்கள்.

மாறன்:
சாவி வாங்கும் அன்றே கரண்ட் மீட்டர், தண்ணீர் மீட்டர், சுவர்க் கறை, உடைந்த ஓடு எல்லாவற்றையும் போட்டோ எடுத்துவிடுங்கள், பின்னால் முன்பணத்தில் கழிக்கப் பார்த்தால் அதுதான் பேசும். எல்லாக் குழாயையும் மூடிவிட்டுத் தண்ணீர் மீட்டரைக் கவனியுங்கள், சுற்றினால் எங்கோ கசிகிறது. ஃப்ளஷ் தொட்டியில் கொஞ்சம் கேசரிப்பவுடர் கலந்து கால்மணி நேரம் விடுங்கள், கோப்பையில் நிறம் இறங்கினால் வால்வு போயிருக்கிறது. குடிவருவதற்கு முன்பே வீட்டுக்காரரிடம் சொல்லிச் சரிசெய்துகொள்ளுங்கள்.

நிலவன்:
எல்லோருக்கும் நன்றி. பழைய பலகை அலமாரி ஒன்று இருக்கிறது, அதைக் கொண்டுபோகலாமா?

செல்வி:
அழுத்தப்பட்ட மரத்தூள் பலகை என்றால் வேண்டாம். ஒருமுறை கழற்றினால் திருகாணி பிடிப்பு போய்விடும், மறுபடி மாட்டினாலும் ஆடும். கழற்றாமல் இருக்கும்போதே யாருக்காவது விற்றுவிடுங்கள், லாரியிலும் இடம் மிச்சம்.