அவசரம்: மேல ஐஸ் கல்லு மாதிரி இருக்கு, கீழ பால் திரிஞ்சு போகுது

உறையூர்_நிலா | இரவு 9.12
டபுள் டோர் ஃப்ரிட்ஜ். மேல ஃப்ரீசர்ல ஐஸ் நல்லா கட்டுது. கீழ சுத்தமா குளிரல. காலைல வச்ச பால் சாயந்தரம் திரிஞ்சிடுது, மாவு ஒரே ராத்திரில பொங்கி வழியுது. ரெண்டு குமிழையும் ஃபுல்ல வச்சுப் பார்த்தாச்சு. மெக்கானிக் ஃபோன்லயே கேஸ் போயிடுச்சு, 3,500 ஆகும்னு சொல்றார். நாளைக்கு வரச் சொல்லட்டுமா? சீக்கிரம் சொல்லுங்க ப்ளீஸ்.

காவிரிக்கரை | 9.20
எத்தனை லிட்டர், எந்த வருஷ மாடல்? ஃப்ராஸ்ட் ஃப்ரீயா (பனியைத் தானே உருக்கிக்கறது), டைரக்ட் கூலா (நாமளே உருக்க வேண்டியது)? ஃப்ரீசர் பின்பக்கத் தட்டுல காத்து வர்ற துளை இருக்கா? மேல் கதவைத் திறந்து, கதவு அழுத்துற அந்தச் சின்ன ஸ்விட்சை விரலால அமுக்கிப் பிடிங்க. கம்ப்ரசர் ஓடும்போது அமுக்கினா ஃபேன் சத்தம் கேக்கணும். கேக்குதா?

குளுகுளு_ராஜா | 9.24
கேஸ் லீக்தான். கேஸ் குறைஞ்சா முதல்ல கீழ்ப்பக்கம்தான் படுக்கும். மெக்கானிக் சொன்னது சரி, சார்ஜ் பண்ணிடுங்க.

பனிமலை | 9.41
இதே கேள்விக்கு இங்கே பல முறை விளக்கம் எழுதியாகிவிட்டது. கேட்பதற்கு முன் தேடிப் படித்தால் எல்லோருக்கும் நேரம் மிச்சம். ராஜாவுக்கும் சேர்த்தே சொல்கிறேன்.

ஃப்ராஸ்ட் ஃப்ரீ டபுள் டோரில் குளிர் காயில் ஒன்றே ஒன்றுதான். அது ஃப்ரீசரின் பின் தட்டுக்குப் பின்னால் இருக்கிறது. கீழ் அறைக்கென்று தனியாகக் குளிர் உண்டாவதில்லை. காயிலில் பட்ட காற்றை ஃபேன் ஊதுகிறது. அதில் ஒரு பங்கு டக்ட் என்ற காற்றுக்குழாய் வழியாக, டேம்பர் என்ற சின்னத் தடுப்புக் கதவைத் தாண்டிக் கீழே இறங்குகிறது. மேலே ஐஸ் கட்டி, கீழே சூடு என்றால் காற்று இறங்கவில்லை என்று பொருள். கேஸைப் பற்றிப் பேசுவது அதற்கப்புறம்.

இன்னொன்று. பல மாடல்களில் ஃப்ரீசர் குமிழ் தெர்மோஸ்டாட்டே அல்ல, டேம்பரை நகர்த்தும் குமிழ். அதை முழுக்கத் திருப்பினால் காற்று மேலேயே நிற்கும், கீழே போவது குறையும். நீங்களே பாதி வழியை அடைத்திருக்கிறீர்கள். நடுவில் வையுங்கள்.

உறையூர்_நிலா | 10.05
சாரி சார், தெரியாம கேட்டுட்டேன். 260 லிட்டர், 2016ல வாங்கினது, ஃப்ராஸ்ட் ஃப்ரீ. ஸ்விட்சை அமுக்கினா உள்ள ஏதோ உரசுற மாதிரி சத்தம் வருது, காத்து வரல.
போன மாசம் ஊருக்குப் போறப்ப ரெண்டு நாள் ஆஃப் பண்ணி, கதவைத் திறந்து வச்சோம். காய்கறிப் பெட்டில தண்ணி தேங்கி இருந்துச்சு. திரும்பப் போட்டதும் ஒரு வாரம் அருமையா ஓடுச்சு. அதுக்கும் இதுக்கும் சம்பந்தம் இருக்கான்னு தெரியல.

மல்டிமீட்டர் | 10.18
அதுலதான் மேடம் மொத்த விஷயமும் இருக்கு, இதை முதல்லயே சொல்லியிருக்கலாம்! ரெண்டு நாள் அணைச்சு வச்சா ஒரு வாரம் ஓடுது, அப்புறம் படுக்குதுன்னா டீஃப்ராஸ்ட், அதாவது பனியைத் தானா உருக்கற ஏற்பாடு, வேலை செய்யல. கேஸ் போயிருந்தா, அணைச்சு வச்சதால திரும்பி வந்துடாது.

காயில்ல எப்பவும் பனி படியும். கம்ப்ரசர் 8 முதல் 12 மணி நேரம் ஓடினதும் டைமர் அதை நிறுத்தி, 20 முதல் 30 நிமிஷம் ஹீட்டருக்குக் கரன்ட் கொடுக்கும். பனி உருகி, காயிலுக்கு அடியில இருக்கற துளை வழியா பின்னாடி கம்ப்ரசர் மேல இருக்கற தட்டுல விழுந்து, அந்தச் சூட்டுல ஆவியாகிடும். இந்தச் சங்கிலில ஒண்ணு அறுந்தாலும் பனி ஏறி ஏறி காயில் தகடுகளோட இடுக்கு அடைஞ்சிடும். ஃபேன் உரசுறது பனில இடிச்சுத்தான்.

பிளக்கைக் கழட்டிட்டு ஃப்ரீசர் பின் தட்டை எடுங்க. ஸ்க்ரூ மேல சின்ன மூடி இருக்கும், நெம்பினா வரும். தட்டு ஒட்டியிருந்தா இழுக்காதீங்க, விரிஞ்சிடும். பாத்திரத்துல வெந்நீர் வச்சு கதவைச் சாத்தி, பத்து நிமிஷம் கழிச்சு எடுங்க. அப்புறம் காயிலைப் பாருங்க. மேலிருந்து கீழ வரைக்கும் ஒரே சீரா வெள்ளைப் பாளமா மூடியிருந்தா டீஃப்ராஸ்ட் கோளாறு. குழாய் நுழையற ஒரு மூலைல மட்டும் ஐஸ் உருண்டையா இருந்து, மத்த வரிசையெல்லாம் காஞ்சு கிடந்தா அப்ப ராஜா சொல்ற மாதிரி கேஸ் குறைவு.

கத்தி, ஸ்க்ரூடிரைவர் போட்டுச் சுரண்டவே கூடாது. காயில் மெல்லிசான அலுமினியம், ஓட்டை விழுந்தா நிஜமாவே கேஸ் போயிடும். ஸ்டிக்கர்ல ஆர்-600ஏன்னு இருந்தா அது தீப்பிடிக்கற கேஸ், இன்னும் கவனம்.

குளுகுளு_ராஜா | 10.26
ஒரே சீரா பனி இருந்தா கேஸ் இல்லதான், ஒத்துக்கறேன். ஆனா திறந்து பார்க்காம யாரும் அடிச்சுச் சொல்ல முடியாது.

வோல்ட்_வேலன் | 10.31
ஸ்டெபிலைசர் இருக்கா? லோ வோல்டேஜ்ல ஹீட்டர் சரியா சூடாகாது. முதல்ல அதை வாங்கிப் போடுங்க.

காவிரிக்கரை | 10.38
அதுக்காக ஒரு வாரத்துல காயில் மூடாது வேலன். இப்ப வர்ற ஃப்ரிட்ஜ்ல ஸ்டெபிலைசரே வேண்டாம்னு கம்பெனியே ஒட்டி அனுப்புறான்.

வோல்ட்_வேலன் | 10.44
அது இன்வெர்ட்டர் மாடலுக்கு. இது 2016, சாதா கம்ப்ரசரா இருக்க வாய்ப்பு அதிகம். கரன்ட் போய் உடனே வந்தா உள்ள ரெண்டு பக்க அழுத்தமும் சமமாகியிருக்காது. கம்ப்ரசர் உறுமிட்டு, ஓவர்லோடு ஸ்விட்ச் டக்குனு தட்டி அதை நிறுத்திடும். மூணு நிமிஷம் தாமதம் கொடுக்கற ஸ்டெபிலைசர் இருந்தா அந்த அடி விழாது.

காவிரிக்கரை | 10.50
தாமதத்துக்காகன்னா சரி. ஹீட்டருக்கும் அதுக்கும் முடிச்சுப் போடாதீங்க.

பனிமலை | 10.58
ஸ்டெபிலைசர் சண்டைக்குத் தனி இழை தொடங்குங்கள். இங்கே ஒருவருடைய பால் திரிந்துகொண்டிருக்கிறது.

நிலா, இரண்டு கதவையும் திறந்துவைத்து 24 மணி நேரம் விடுங்கள், அடியில் பழைய துணி போடுங்கள். உருகியபின் ஓடவிட்டு டைமரைக் கண்டுபிடியுங்கள். கீழ் அறையில் தெர்மோஸ்டாட் பெட்டிக்குள்ளோ, பின்னால் கம்ப்ரசர் பக்கமோ இருக்கும், நடுவில் பிளவுள்ள ஒரு தண்டு. பிளாஸ்டிக் கைப்பிடி ஸ்க்ரூடிரைவரால் கடிகாரம் சுற்றும் திசையில் மட்டும் மெல்லத் திருப்புங்கள், பக்கத்து முனைகளில் கரன்ட் இருக்கும். 'டிக்' என்றதும் கம்ப்ரசர் நின்றுவிடும். சில நிமிடத்தில் ஃப்ரீசருக்குள், சூடான தோசைக்கல்லில் தண்ணீர் தெளித்தாற்போல் 'ஸ்ஸ்' என்று கேட்டால் ஹீட்டர் நல்லது, டைமர்தான் சிக்கிக்கொண்டிருக்கிறது. கேட்காவிட்டால் ஹீட்டர், பைமெட்டல் (குளிர்ந்தால் ஹீட்டரை இணைத்து, சூடானால் துண்டிக்கும் ஸ்விட்ச்), தெர்மல் ஃபியூஸ் (அளவுக்கு மீறிச் சூடானால் அறுந்துவிடுவது) மூன்றில் ஒன்று. காயிலில் கொஞ்சமாவது பனி ஏறியபிறகு இதைச் செய்யுங்கள், வெறும் காயிலில் சத்தம் வராது.

புதூரான் | 11.07
ஃபியூஸ் போயிருந்தா ரெண்டு வயரையும் முறுக்கி டேப் சுத்திடுங்க, ஓடும்.

மல்டிமீட்டர் | 11.10
யாரும் இதைச் செய்யாதீங்க. பைமெட்டல் ஒட்டிக்கிட்டு ஹீட்டர் அணையாமப் போனா, கடைசியா காப்பாத்தறது அந்த ஃபியூஸ்தான். அதை டைரக்ட் பண்ணினா பிளாஸ்டிக் உருகி, தீ வரைக்கும் போகலாம். ஃபியூஸ் போயிருந்தா பைமெட்டலையும் சந்தேகப்படுங்க, ரெண்டையும் சேர்த்து மாத்துங்க. பழசுல அச்சடிச்ச டிகிரியைப் பார்த்து அதே வாங்கணும்.

மீட்டர் வச்சுப் பார்க்கறப்ப பிளக் வெளியதான் இருக்கணும். 150 வாட் ஹீட்டர்னா சுமார் 350 ஓம், 200 வாட்னா 265 பக்கம். ஃபியூஸ் எப்பவும் தொடர்பு காட்டணும். பைமெட்டல் அறைச் சூட்டுல தொடர்பு காட்டாது, அதுதான் அதோட இயல்பு. நல்ல பைமெட்டலைக் கெட்டதுன்னு தூக்கிப் போடறவங்க நிறைய. உப்புப் போட்ட ஐஸ்ல கால் மணி நேரம் வச்சுட்டுப் பாருங்க, அப்ப தொடர்பு வரணும்.

காவிரிக்கரை | 11.19
காய்கறிப் பெட்டில தண்ணி வந்துச்சுன்னாங்களே, அதை யாரும் கவனிக்கல. பின்னாடி தட்டுக்குப் போக வேண்டிய தண்ணி உள்ள இறங்கியிருக்கு, ட்ரெயின் துளையும் அடைச்சிருக்கு. ஊசி இல்லாத பெரிய சிரிஞ்சுல வெதுவெதுப்பான தண்ணி ஊத்துங்க, பின் தட்டுல விழுற சத்தம் வர்ற வரைக்கும்.

(ஐந்து நாள் கழித்து)

உறையூர்_நிலா | காலை 7.50
எல்லாருக்கும் நன்றி. தட்டைக் கழட்டினா காயிலே தெரியல, முழுக்க வெள்ளைப் பாளம். டைமரைத் திருப்பியும் ஸ்ஸ் சத்தம் வரல. வேற மெக்கானிக் வந்தார், ஹீட்டர் 340 ஓம் காட்டுச்சு, ஃபியூஸ் போயிருந்துச்சு. பைமெட்டல், ஃபியூஸ் ரெண்டும் மாத்தியாச்சு. நடுத் தட்டுல டம்ளர் தண்ணில தெர்மாமீட்டர் போட்டு வச்சேன், காலைல 4 டிகிரி.

மல்டிமீட்டர் | 8.15
அருமை. ஆனா போன தடவையும் ஒரு வாரம் ஓடுச்சு. பத்து நாள் கழிச்சு இன்னொரு தடவை பார்த்துச் சொல்லுங்க.

காவிரிக்கரை | 8.22
ட்ரெயின் துளை சுத்தம் பண்ணினீங்களா?

காவிரிக்கரை | மறுநாள் மாலை 6.40
நிலா?