குறைந்த ஆற்றல் பாதையில் அனுப்பியும் தளநிலையத்தை ஒட்டிய கணுக்கள் முதலில் அணைவது ஏன்?

கேள்வி:
கம்பியில்லா உணரி வலையமைப்பு ஒன்றைக் கணினியில் உருவகப்படுத்தி வருகிறேன். அதில் மின்கலத்தில் இயங்கும் சிறு உணரிக் கருவிகள் (கணுக்கள்), தரவை ஒன்றுக்கொன்று கைமாற்றித் தளநிலையம் என்னும் மையக் கருவிக்கு அனுப்புகின்றன. ஒவ்வொரு பேக்கெட்டும் (தரவுப் பொட்டலமும்) மொத்த ஆற்றல் மிகக் குறைவாகச் செலவாகும் பாதையிலேயே செல்கிறது. ஆயினும், விளிம்பிலுள்ள கணுக்களில் பாதிக்கு மேல் ஆற்றல் மிஞ்சியிருக்கும்போதே, தளநிலையத்தை ஒட்டிய கணுக்கள் அணைந்து வலையமைப்பு துண்டாகிவிடுகிறது. கணுக்களைக் குழுக்களாகப் பிரித்து, குழுவுக்கு ஒரு தலைமைக் கணு வழியாகத் தரவை அனுப்பும் லீச் (LEACH) நெறிமுறைக்கு மாறினால் இது தீருமா?

பதில் 1:
ஒரு பேக்கெட்டுக்கான செலவைக் குறைப்பதும் வலையமைப்பின் ஆயுளை நீட்டிப்பதும் ஒன்றல்ல. தொலைவிலிருந்து வரும் தரவு முழுவதும் தளநிலையத்தைச் சூழ்ந்த சில கணுக்கள் வழியாகத்தான் போயாக வேண்டும் என்பதால், எந்தப் பாதையைத் தேர்ந்தாலும் அந்த வளையத்தின் சுமை குறையாது. இடைக்கணுக்களில், அதாவது பிற கணுக்களின் தரவை வாங்கி முன்னே அனுப்புபவற்றில், எஞ்சியுள்ள ஆற்றலையும் பாதைச் செலவில் சேர்த்தால், சுமை அவற்றுக்குள் சமமாகப் பகிரப்படும், அவ்வளவுதான். சுமையே குறைய வேண்டுமானால், வழியிலேயே தரவைத் தொகுத்துச் சுருக்க வேண்டும், அல்லது தளநிலையத்தை இடம் மாற்றிக்கொண்டிருக்க வேண்டும்.

லீச் உங்கள் சிக்கலை இடம் மாற்றும், தீர்க்காது. 2000-இல் ஹைன்செல்மன், சந்திரகாசன், பாலகிருஷ்ணன் ஆகியோர் முன்வைத்த அந்நெறிமுறையில், சுழற்சி முறையில் தலைமை ஏற்கும் கணு தளநிலையத்துக்கு நேரடியாக அனுப்புகிறது; ஆகவே அங்கே தொலைவிலுள்ளவையே அதிகம் இழக்கின்றன. தலைமைக்கான தேர்வு எஞ்சிய ஆற்றலையும் பார்ப்பதில்லை. 2004-இல் வந்த ஹீட் (HEED) நெறிமுறை அதைப் பார்க்கிறது.

பதில் 2:
இடைக்கணு எப்போதும் சிக்கனம் என்றும் கொள்ள வேண்டாம். லீச் கட்டுரையின் ஆற்றல் மாதிரியில் ஒரு பிட்டை அனுப்பவும் பெறவும் மின்சுற்றுச் செலவு தலா 50 நானோஜூல்; அனுப்பும்போது சேரும் பெருக்கிச் செலவு, மீட்டரில் உள்ள தொலைவின் வர்க்கத்தை 100 பிக்கோஜூலால் பெருக்கினால் வருவது. 100 மீட்டருக்கு நேரடியாக அனுப்ப 1,050 நானோஜூல் ஆகும். நடுவில் ஒரு கணுவை வைத்தால், அது பெறும் செலவையும் சேர்த்து 650 தான். அதுவே 20 மீட்டர் என்றால், நேரடிச் செலவு 90, இடைக்கணுவோடு 170. ஏறத்தாழ 45 மீட்டருக்குள் இடைக்கணு வீண்செலவே.

கேட்டவர்:
இரு விளக்கங்களுக்கும் நன்றி. எஞ்சிய ஆற்றலைச் செலவில் சேர்த்துப் பார்க்கிறேன். உண்மையான கருவிகளிலும் இதே போக்கை எதிர்பார்க்கலாமா?

பதில் 3:
லீச் கட்டுரையின் அந்த ஆற்றல் மாதிரியில், பேக்கெட் வருமா என்று ரேடியோ சும்மா கேட்டுக்கொண்டிருக்கும் செலவு இல்லை. கருவியிலோ அதுதான் பெரும்பங்கு. உணரிக் கணுக்களில் பயன்படும் சிசி2420 (CC2420) ரேடியோ சில்லு முழுத்திறனில் அனுப்பும்போது 17.4 மில்லிஆம்பியர் எடுக்கிறது, கேட்கும்போது 18.8. அதாவது ரேடியோ எப்போதும் கேட்டபடியே இருந்தால், 2,500 மில்லிஆம்பியர்-மணி மின்கலம், ஒரு பேக்கெட்டும் அனுப்பாமலேயே ஆறு நாள்களுக்குள் தீர்ந்துபோகும். நேரத்தில் 1% மட்டும் விழித்திருந்தால், ரேடியோவைப் பொறுத்தவரை அதே மின்கலம் ஒன்றரை ஆண்டு தாங்கும். எனவே முதலில் ரேடியோவின் உறக்க அட்டவணையைச் சரிசெய்யுங்கள். தளநிலையத்தை ஒட்டிய கணுக்கள் பிறர் பேக்கெட்டுகளுக்காகக் கூடுதலாக விழித்திருக்கும் நேரத்தைத் தனியே அளந்த பிறகு பாதைத் தேர்வுக்கு வாருங்கள்.