மலைக்கிராமப் படிப்பகத்துக்கு அறக்கட்டளை மானியம்: சம்பளத்துக்கும் ஜீப்புக்கும் தருவார்களா?

கீழ்க்கோத்தகிரி டீச்சர்:

அனைவருக்கும் வணக்கம். நான் ஓய்வுபெற்ற நடுநிலைப்பள்ளி ஆசிரியை. கீழ்க்கோத்தகிரிக்குக் கீழே, தேயிலைத் தோட்டங்கள் முடிந்து காடு தொடங்கும் சரிவில், இரண்டு இருளர் ஊர்களிலும் ஒரு குறும்பர் ஊரிலும் நான்கு ஆண்டுகளாக மாலைநேரப் படிப்பகம் நடத்தி வருகிறோம். பேருந்து போகாத ஊர்கள் என்பதால் வாடகை ஜீப்பில்தான் போய்வருகிறோம். சங்கமாகப் பதிவு செய்திருக்கிறோம். சங்கத்துக்கு வருமானவரி விலக்குத் தரும் 12ஏ, நன்கொடையாளருக்கு வரிச்சலுகை தரும் 80ஜி ஆகிய இரண்டு பதிவுகளும் கிடைத்துவிட்டன. என் ஓய்வூதியத்தில் ஒரு பகுதியும் கடைவீதியில் சிலர் தரும் நன்கொடையுமாக இதுவரை சமாளித்தோம். இனி முடியாது. பாடம் சொல்லித்தரும் மூன்று பெண்களும் அந்தந்த ஊர்க்காரர்கள்தாம். மாதம் 3,000 ரூபாய்க்கு மேல் அவர்களுக்குத் தர எங்களால் இயலவில்லை. கொழுந்து பறிக்கப் போனால் அதைவிடக் கூடுதலாகக் கிடைக்கும் என்று தெரிந்தும் அவர்கள் இருப்பது அவர்களுடைய பெருந்தன்மை.

சென்ற ஆண்டு ஓர் அறக்கட்டளையிலிருந்து ஒருவர் வந்து பார்த்தார். பிள்ளைகள் வாசிப்பதைக் கேட்டு மகிழ்ந்து, படமும் எடுத்துக்கொண்டு, இருபது டேப்லெட் கருவிகள் தருவதாகச் சொன்னார். அந்த ஊரில் கைப்பேசிக்குச் சிக்னல் வேண்டுமென்றால் மேலேயுள்ள பாறைக்கு ஏறிப்போக வேண்டும். சம்பளத்துக்கு உதவ இயலுமா என்று கேட்டபோது, "அதற்கு எங்களிடம் வழியில்லை" என்றார்.

என் ஐயங்கள் இவை. இப்பெரிய அறக்கட்டளைகளுக்குப் பணம் எங்கிருந்து வருகிறது? ஆண்டுதோறும் செலவழித்தே ஆகவேண்டும் என்ற கட்டாயம் அவர்களுக்கு உண்டா? கட்டடம், கருவி தவிர மனிதர்களுக்குச் செலவிட அவர்களுக்கு மனமில்லையா, சட்டம் இடம் தரவில்லையா?

குன்னூர் கணக்கர்:

டீச்சருக்கு வணக்கம். இருபது ஆண்டுகளாகச் சங்கங்களுக்கும் அறக்கட்டளைகளுக்கும் கணக்கு எழுதி வருகிறேன். பணம் வரும் வழியிலிருந்தே தொடங்குகிறேன். அது புரிந்துவிட்டால் அவர்கள் கேட்கும் கேள்விகள் அவ்வளவாக எரிச்சலூட்டாது.

பெரிய அறக்கட்டளைகள் பொதுவாகத் தங்கள் மூலதனத்தைத் தொடுவதில்லை. அந்த மூலதனம் ஈட்டித்தரும் வருமானத்தைத்தான் மானியமாகத் தருகின்றன. சர் ரத்தன் டாடா அறக்கட்டளை 1919இலும், சர் தோராப்ஜி டாடா அறக்கட்டளை 1932இலும் தொடங்கப்பட்டவை. குழுமத்தின் தாய் நிறுவனமான டாடா சன்ஸின் பங்குகளில் ஏறத்தாழ 66 சதவீதம் டாடா அறக்கட்டளைகளிடம் இருப்பதால், அந்நிறுவனம் தரும் ஈவுத்தொகையில் பெரும்பங்கு அவற்றுக்கே போய்ச் சேர்கிறது. பம்பாயில் 1936இல் தொடங்கிய சமூகப்பணிக் கல்லூரியும் 1941இல் திறந்த புற்றுநோய் மருத்துவமனையும் இந்தப் பணத்தில் எழுந்தவைதாம். விப்ரோ அசீம் பிரேம்ஜியும் இதே வழியில்தான் போனார்: 2019 மார்ச்சில் அவர் கூடுதலாக ஒதுக்கியதையும் சேர்த்தால், அந்நிறுவனப் பங்குகளில் 67 சதவீதத்தின் பலன் அறப்பணிக்கு வந்துவிட்டது.

செலவழிக்கும் கட்டாயம் உண்டு. வரிவிலக்குப் பெற்ற அறக்கட்டளை அந்தந்த ஆண்டின் வருமானத்தில் 85 சதவீதத்தை அறநோக்கங்களுக்குச் செலவிட வேண்டும். இயலாவிட்டால், எதற்காக என்று குறிப்பிட்டு அதிகபட்சம் ஐந்து ஆண்டுகள் வரை சேர்த்துவைக்கலாம். நிதியாண்டு மார்ச்சில் முடிவதால், ஜனவரி பிறந்ததும் சில அலுவலகங்களில் திடீர்ச் சுறுசுறுப்புத் தெரியும். டேப்லெட் கருவிகள் அந்த மாதங்களில் மலையேறி வருவதும் இதனால்தான் என்பது என் சொந்தக் கருத்து: பொருளென்றால் ஒரே ரசீதில் செலவு முடிந்துவிடும், மூன்று பெண்களின் சம்பளமோ மூன்று ஆண்டுகள் தொடரும்.

ஆனால் சம்பளம் கூடாது என்று சட்டம் எங்கும் சொல்லவில்லை. விண்ணப்பத்தில் அதை நீங்கள் எங்கே எழுதுகிறீர்கள் என்பதைப் பொறுத்தது. அலுவலக வாடகை, கணக்கர் கூலி, தொலைபேசிக் கட்டணம் ஆகியவை நிர்வாகச் செலவு. அதற்குப் பெரும்பாலோர் ஓர் உச்சவரம்பு வைத்திருப்பார்கள். படிப்பகத்தில் பாடம் சொல்லித்தருபவரின் ஊதியம் திட்டச் செலவு, ஏனெனில் அந்தத் திட்டமே அவர்தான். அன்று வந்தவரிடம் 'சம்பளம்' என்று வெறுமனே கேட்டிருந்தால், அலுவலகச் சம்பளம் என்று அவர் எடுத்துக்கொண்டிருக்கக்கூடும்.

இன்னொரு சிக்கலையும் சொல்லிவிடுகிறேன். ஓர் அறக்கட்டளை மற்றோர் அறக்கட்டளைக்கோ சங்கத்துக்கோ 100 ரூபாய் தந்தால் அதில் 85 ரூபாயை மட்டுமே செலவாகக் காட்டலாம் என்று 2023ஆம் ஆண்டின் நிதிச் சட்டம் மாற்றிவிட்டது. பிறருக்குக் கொடுப்பதைவிடத் தாமே ஆள் வைத்து நடத்தலாமே என்று அறக்கட்டளைகள் யோசிக்க இதுவும் ஒரு காரணம். வெளிநாட்டு நிதியும் சிறிய சங்கங்களுக்கு எட்டாததாகிவிட்டது. பெரிய தொண்டு நிறுவனம் வாங்கிச் சிறியவற்றுக்குப் பிரித்துத் தரும் வழக்கத்தை வெளிநாட்டு நன்கொடைச் சட்டத்தின் 2020ஆம் ஆண்டுத் திருத்தம் தடைசெய்துவிட்டது. அச்சட்டப்படி நேரடியாகப் பதிவு பெறவோ, மூன்று ஆண்டுகளில் 15 லட்சம் ரூபாய் செலவிட்ட கணக்கைக் காட்ட வேண்டும்.

உங்களுக்குப் பொருத்தமான இன்னொரு வாசல், நிறுவனங்களின் சமூகப் பொறுப்பு நிதி. 2013ஆம் ஆண்டின் நிறுவனச் சட்டப்படி, குறிப்பிட்ட அளவுக்கு மேற்பட்ட நிறுவனங்கள் முந்தைய மூன்று ஆண்டுகளின் சராசரி லாபத்தில் 2 சதவீதத்தை இதற்குச் செலவிட வேண்டும். பெறுகிற சங்கத்துக்கு 12ஏ, 80ஜி, அதே பணியில் மூன்று ஆண்டு அனுபவம், இந்நிதியைப் பெறுவதற்காக அரசிடம் செய்யும் சிஎஸ்ஆர்-1 பதிவு ஆகியவை தேவை. கடைசியைத் தவிர மற்றவை உங்களிடம் உள்ளன.

தாண்டிக்குடிக்காரன்:

கணக்கர் ஐயா சொன்னதற்கு மேல், மானியம் கிடைத்தபின் நடப்பதைச் சொல்கிறேன், அடிபட்டவன் நான்.

பழனிமலையின் கீழ்ப்பகுதியில் பளியர் ஊர்கள் சிலவற்றில் மிளகு, காப்பி, தேன் ஆகியவற்றை இடைத்தரகரின்றி விற்பதற்காக ஒரு பெண்கள் குழுவை நடத்துகிறோம். ஓர் அறக்கட்டளை மூன்று ஆண்டுகளுக்கு மானியம் தந்தது. மொத்தமாகத் தரமாட்டார்கள். ஆறு மாதத்துக்கு ஒரு தவணை. முந்தைய தவணைக்கு யூசி, அதாவது தணிக்கையாளர் ஒப்பமிட்ட பயன்பாட்டுச் சான்றிதழ், போய்ச் சேர்ந்த பிறகே அடுத்தது வரும்.

இரண்டாம் ஆண்டில் பயிற்சி என்ற தலைப்பில் 60,000 ரூபாய் இருந்தது. அந்த ஆண்டு மிளகு காயவைக்கும் நாட்களில் மழை விடவில்லை. பறித்த மிளகு பூஞ்சணம் பிடித்துக்கொண்டிருக்க, வகுப்பில் உட்கார்ந்து என்ன கேட்பது என்று பெண்கள் கேட்டார்கள், நியாயமான கேள்வி. தார்ப்பாயும் மூங்கிலும் வாங்கினோம். மிளகு தப்பியது. ஆனால் ஒரு தலைப்பின் பணத்தை வேறொன்றுக்குச் செலவிட்டதைத் தணிக்கையில் ஏற்கவில்லை. அந்தத் தொகையைக் குழுவின் சேமிப்பிலிருந்து எடுத்துத் திட்டக் கணக்கில் திரும்பக் கட்டினோம். அடுத்த தவணையும் நான்கு மாதம் தள்ளிப்போயிற்று. வாங்குவதற்கு முன் ஒரு மின்னஞ்சல் அனுப்பி ஒப்புதல் கேட்டிருந்தால் தந்திருப்பார்கள் என்று பிறகு திட்ட அலுவலரே சொன்னார். அவர்மீது எனக்குக் கோபமில்லை. இடத்துக்கு இடம் மாறும் மழையை மும்பையில் போட்ட அட்டவணையில் அடைக்க வேண்டிய வேலை அவருக்கு.

ஆகவே டீச்சர், தவணை தாமதமானாலும் அந்த மூன்று பெண்களுக்கும் மூன்று மாத ஊதியம் தரும் அளவுக்குக் கையிருப்பு வைத்துக்கொண்டு தொடங்குங்கள். மாற்றுச் செலவு நேர்ந்தால் முதலில் எழுதிக் கேளுங்கள். ஜீப் வாடகையை மறைத்து வேறு தலைப்பில் நுழைக்காதீர்கள். பேருந்து போகாத ஊர் என்பதைத் தொலைவோடும் வழியோடும் எழுதினால் ஒப்புக்கொள்கிறார்கள்.

கீழ்க்கோத்தகிரி டீச்சர்:

இருவருக்கும் நன்றி. ஜீப்பைப் பற்றியே ஒரு கேள்வி. எங்கள் ஓட்டுநர் தம்பியிடம் பில் புத்தகம் கிடையாது. நான்கு ஆண்டுகளாக நோட்டில் தேதியும் தொகையும் எழுதிக் கையெழுத்து வாங்குகிறேன். மழைக்காலத்தில் பாதி வழியில் மண் சரிந்து திரும்பிய நாட்களுக்கும் வாடகை கொடுத்திருக்கிறேன். அவற்றை எப்படிக் காட்டுவது?

குன்னூர் கணக்கர்:

அந்த நோட்டைத் தூக்கிப் போட்டுவிடாதீர்கள், டீச்சர். மூன்று ஆண்டு அனுபவத்துக்கு அதைவிட நல்ல சான்று கிடையாது. இனி ஒவ்வொரு பயணத்துக்கும் அச்சிட்ட வவுச்சர் வையுங்கள்: தேதி, வண்டி எண், புறப்பட்ட இடம், சேர்ந்த இடம், தொகை, ஓட்டுநர் கையெழுத்து. 5,000 ரூபாய்க்கு மேல் ரொக்கமாகக் கொடுத்தால் ஒரு ரூபாய் ரெவின்யூ ஸ்டாம்பு ஒட்ட வேண்டும். ஒரே நாளில் ஒருவருக்கு 10,000 ரூபாய்க்கு மேல் ரொக்கம் கொடுத்தால் வரிக்கணக்கில் அது செலவாகவே ஏற்கப்படாது. மாதம் ஒருமுறை அவருடைய வங்கிக் கணக்குக்கு அனுப்பிவிடுவது இருவருக்கும் நல்லது. திரும்பிவந்த நாட்களுக்கு, "மண்சரிவு, வண்டி திரும்பியது" என்று வவுச்சரிலேயே எழுதி, முடிந்தால் அந்த இடத்தைப் படமெடுத்து இணையுங்கள். விண்ணப்ப வரைவு தயாரானதும் செலவுப் பட்டியலை மட்டும் இங்கே இடுங்கள், பார்த்துச் சொல்கிறேன்.