பெட்டியோடு ரயில், பஸ் பிடித்து க்ரூஸ் துறைமுகம் போனவர்கள்: உங்கள் அனுபவம்

கரையோரம்

ரோமிலிருந்து அந்த ஊருக்கான க்ரூஸ் துறைமுகமான சிவிட்டாவெக்கியா. ரயிலில் ஏறினால் ஒரு மணி நேரத்துச் சொச்சம், சுலபம் என்று எல்லோரும் சொன்னார்கள். ரயில் வரைக்கும் அது உண்மைதான். ரோமின் பெரிய ஸ்டேஷனான டெர்மினியில் அந்த ரயில்கள் பெரும்பாலும் 25க்கு மேற்பட்ட பிளாட்பாரங்களில் நிற்கும், அங்கே போய்ச் சேரவே நல்ல நடை, காகித டிக்கெட் என்றால் ஏறும் முன் மெஷினில் முத்திரை குத்த வேண்டும். இதெல்லாம் படித்து வைத்திருந்தேன். ரயிலை விட்டு இறங்கிய பிறகு என்ன செய்வது என்பதைத்தான் படிக்கவில்லை.

ஸ்டேஷனை விட்டு வெளியே வந்ததும் கடல். வலது கைப் பக்கம் கப்பலின் புகைபோக்கி தெரிகிறது. இதோ தெரிகிறதே, எதற்கு பஸ் என்று நடக்க ஆரம்பித்தோம். பெரிய பெட்டி என்னிடம், நடுத்தரப் பெட்டி அம்மாவிடம். அம்மாவுக்கு வயது 68. கோட்டைக்குப் பக்கத்தில் வரும்போது அம்மாவின் பெட்டியில் ஒரு சக்கரம் கழன்று உருண்டு போனது. சரி, இன்னும் கொஞ்சம்தானே என்று இழுத்துக்கொண்டு வாசலுக்குப் போனால், கப்பல் நிற்கும் தளம் அங்கிருந்து வெகு தூரம், லார்கோ டெல்லா பாச்சே என்ற இடத்துக்குப் போய் அங்கிருந்து துறைமுகத்தின் இலவச ஷட்டில் பஸ்ஸில் போங்கள் என்கிறார்கள். அந்த இடமும் பக்கத்தில் இல்லை.

அம்மா பெட்டியைப் படுக்க வைத்து அதன் மேலேயே உட்கார்ந்துவிட்டார். "நீ போய்ப் பார்த்துட்டு வா, நான் எங்கேயும் போக மாட்டேன்" என்றார். போனேன். பஸ் நிற்கும் இடத்தைக் கண்டுபிடித்து, பெரிய பெட்டியை இழுத்துக்கொண்டே திரும்பி வர 25 நிமிடம். மொழி தெரியாத ஊரில், கையில் போன் இல்லாமல், தெருவோரம். நான் வரும்போது அதே இடத்தில் அதே மாதிரி உட்கார்ந்திருந்தார், கைப்பையின் வாரை மணிக்கட்டில் மூன்று சுற்றுச் சுற்றியிருந்தார். அந்த மூன்று சுற்றுதான் இன்னும் என்னை விடவில்லை. கப்பல் கிடைத்தது, பயணம் நன்றாக இருந்தது, அதெல்லாம் வேறு விஷயம்.

மூன்றாம்தளம்

எங்களுக்குச் சிங்கப்பூரில் நடந்தது. அங்கே பெரிய கப்பல்கள் நிற்கும் டெர்மினல் இரண்டு. ஹார்பர்ஃப்ரன்ட் மெட்ரோ ஸ்டேஷன் பக்கத்தில் இருக்கும் சிங்கப்பூர் க்ரூஸ் சென்டர் ஒன்று, மரீனா பே க்ரூஸ் சென்டர் இன்னொன்று. அந்த இரண்டாவதற்குச் சிவப்புப் பாதையின் கடைசி ஸ்டேஷனான மரீனா சவுத் பியரில் இறங்க வேண்டும். என் கணவர் "க்ரூஸ் சென்டர்" என்ற வார்த்தையை மட்டும் மனதில் வைத்துக்கொண்டு எங்களை ஹார்பர்ஃப்ரன்டில் இறக்கினார். ஊதா நிறப் பாதையில் டோபி காட் போய், அங்கே மாறி, மறுபடி தெற்கே நான்கு ஸ்டேஷன். இரண்டு பிள்ளைகள், மூன்று பெட்டி, ஒரு தள்ளுவண்டி.

டோபி காட்டில் எஸ்கலேட்டருக்கு மேல் எஸ்கலேட்டராகப் போய்க்கொண்டே இருக்கும், தெரிந்தவர்களுக்குத் தெரியும். லிப்டுக்கு வரிசை. நான் எரிச்சலில் கணவரை அங்கேயே சத்தம் போட்டேன். சின்னவள் தள்ளுவண்டியிலிருந்து எட்டிப் பார்த்து, "கப்பல் போயிடுச்சா அம்மா, அப்பா அழறாரா?" என்று கேட்டாள். அவர் அழவில்லை. ஆனால் முகம் அப்படித்தான் இருந்தது. கப்பல் போகவில்லை, எங்களுக்கு நேரம் மிச்சமே இருந்தது. எதற்கு அப்படிக் கத்தினேன் என்று இப்போதும் தெரியவில்லை.

கரையோரம், வயதானவர்களைக் கூட்டிக்கொண்டு போகும்போது டாக்ஸி எடுத்துவிடுங்கள். பணத்தைப் பார்க்காதீர்கள். ரயில், பஸ் எல்லாம் ஒரே ஒரு முதுகுப் பையோடு போகிற இளைஞர்களுக்கு.

நடைவண்டி

மூன்றாம்தளம் சொல்வதை நான் ஒத்துக்கொள்ளவில்லை. நீங்கள் தப்பான டெர்மினலைச் சொல்லியிருந்தால் டாக்ஸியும் அந்தத் தப்பான டெர்மினலுக்குத்தான் போயிருக்கும். அது ரயிலின் குற்றமே இல்லை. டாக்ஸிக்காரருக்கும் டெர்மினல் பெயர் வேண்டும். இங்கிலாந்தில் சவுத்தாம்ப்டனில் ஐந்து டெர்மினல், ஓஷனும் குவீன் எலிசபெத் 2-வும் கிழக்குப் பக்கம், சிட்டி, மேஃபிளவர், 2021-இல் திறந்த ஹொரைசன் மூன்றும் மேற்குப் பக்கம். கிழக்கு என்றால் டாக் கேட் 4 என்ற துறைமுக வாசல். "கப்பல் துறைமுகம்" என்று மட்டும் சொன்னால் எங்கே கொண்டுபோய் விடுவார்?

என் கதையும் சவுத்தாம்ப்டன்தான். லண்டன் வாட்டர்லூவிலிருந்து சாதாரணமாக ஒன்றேகால் மணி நேரம். ஆனால் அன்று ஞாயிற்றுக்கிழமை. அந்த நாட்டில் தண்டவாள வேலைகளைப் பெரும்பாலும் வாரக் கடைசியில்தான் வைப்பார்கள், பாதி வழியில் இறக்கி மாற்று பஸ்ஸில் ஏற்றுவார்கள். இது முன்கூட்டியே அறிவிக்கப்படும் விஷயம், நான் பார்த்து வைத்திருந்தேன், அதனால் காலை முதல் ரயிலிலேயே கிளம்பிவிட்டேன்.

பஸ்ஸில் எனக்கு முன் இருக்கையில் ஒரு வயதான தம்பதி. அவர்கள் எதையும் பார்த்து வைக்கவில்லை. அந்த அம்மாள் கப்பல் சீட்டுகளைப் பிளாஸ்டிக் உறையில் போட்டு மடியில் வைத்திருந்தார், இரண்டு நிமிடத்துக்கு ஒரு தடவை அதை எடுத்துச் செக்-இன் நேரத்தை விரலால் தொட்டுப் பார்ப்பார், பிறகு கைக்கடிகாரத்தைப் பார்ப்பார். பெரியவர் ஜன்னல் பக்கமே பார்த்துக்கொண்டிருந்தார், ஒரு வார்த்தை பேசவில்லை. சவுத்தாம்ப்டன் சென்ட்ரல் ஸ்டேஷனில் இறங்கியதும் அவர்கள் பெட்டி பஸ்ஸின் வயிற்றில் எல்லாவற்றுக்கும் அடியில். நான் என்னுடையதை எடுத்துக்கொண்டு நடந்துவிட்டேன். நின்று அவர்களுடையதை இழுத்துக் கொடுத்திருக்கலாம். அவர்கள் கப்பல் என் கப்பல் இல்லை. மாலையில் மேல்தளத்தில் நின்று அந்த இன்னொரு கப்பல் கிளம்புவதைப் பார்த்தேன். அதில் அவர்கள் இருந்தார்களா என்று எனக்குத் தெரியாது.

தூரதேசம்

எல்லோரும் ரயிலைப் பற்றியே பேசுகிறீர்கள், நான் சொல்ல வருவது கைப்பை பற்றி. ஒரு தடவை துறைமுக வாசலில் போர்ட்டரிடம் பெரிய பெட்டியைக் கொடுத்துவிட்டு உள்ளே போனேன், கவுன்டரில் பாஸ்போர்ட் கேட்டார்கள், அது அந்தப் பெட்டியில் இருந்தது. நூற்றுக்கணக்கான பெட்டிகளுக்கு நடுவே ஒருவர் என் பெட்டியைத் தேடிக்கொண்டு வந்து கொடுத்தார். அவ்வளவுதான் என் கதை.

இனி போகிறவர்களுக்குச் சில விஷயம். துறைமுகத்தில் கொடுக்கும் பெட்டி கேபினுக்கு வர மாலை ஆகலாம், இரவும் ஆகலாம், ஆகவே பாஸ்போர்ட், மருந்து, ஒரு மாற்றுடை, சார்ஜர் கையோடு இருக்க வேண்டும். கப்பல் கம்பெனி அனுப்பும் பெட்டி அட்டையை வீட்டிலேயே மாட்டாதீர்கள், காகித அட்டை ரயிலிலும் பஸ்ஸிலும் உரசிக் கிழிந்துவிடும், துறைமுக வாசலில் மாட்டினால் போதும். கிளம்புவதற்கு முந்தின நாள் நிரப்பிய பெட்டியை ஒற்றைக் கையால் தூக்கி இரண்டு மாடிப் படி ஏறிப் பாருங்கள். முடியவில்லை என்றால் அந்தப் பெட்டியோடு ரயிலில் போக முடியாது, ஏனென்றால் லிப்ட் எங்கேயோ ஒரு இடத்தில் இருக்காது. சக்கரம் நான்கு உள்ளது வழவழப்பான தரைக்கு நல்லது, கல் பாவிய தெருவுக்குப் பெரிய சக்கரம் இரண்டு உள்ளதுதான் தாங்கும். கரையோரம் இதைத் தெரிந்துகொண்டிருந்தால் அம்மாவை அப்படி உட்கார வைத்திருக்க வேண்டியதில்லை.

அப்புறம் மிக முக்கியமானது, சீட்டில் போட்டிருக்கும் ஊர்ப் பெயரை நம்பாதீர்கள். "பாரிஸ்" என்றால் லெ ஹாவ்ர், பாரிஸின் சென் லசார் ஸ்டேஷனிலிருந்து ரயிலில் இரண்டு மணி நேரத்துக்கு மேல். "பெர்லின்" என்றால் வார்னமுண்டே, அதுவும் ரயிலில் மணிக்கணக்கான தூரம், ஆனால் அங்கே ஸ்டேஷனும் கப்பல் டெர்மினலும் பக்கம் பக்கம் என்பதால் கடைசி நடை மிகச் சுலபம். "ஃப்ளாரன்ஸ்" என்றால் லிவோர்னோ. "வெனிஸ்" கொஞ்சம் சிக்கல், 2021 ஆகஸ்ட் முதல் 25,000 டன்னுக்கு மேற்பட்ட கப்பல்கள் ஊரை ஒட்டிய ஜூடெக்கா கால்வாய் வழியாகப் போகக் கூடாது, அதனால் எதிர்க் கரையில் உள்ள மார்கேராவிலும் வேறு இடங்களிலும் நிறுத்துகிறார்கள், வெனிஸ் என்று விற்கும் சில பயணங்கள் ரவென்னா என்ற வேறு ஊரிலிருந்தே கிளம்புகின்றன. ஊருக்கும் துறைமுகத்துக்கும் எவ்வளவு தூரம் என்பதைச் சீட்டு வாங்கும் முன்பே பாருங்கள். செக்-இன் கப்பல் கிளம்பும் நேரத்துக்கு ஒரு மணி, ஒன்றரை மணி முன்னாலேயே மூடிவிடும், சொந்தமாக வழி பார்த்து வருகிறவர்களுக்காகக் கப்பல் காத்திருக்காது. முந்தின நாளே அந்த ஊருக்குப் போய்விடுவதுதான் சரி.

அலைவரிசை77

தூரதேசம், அவர் அம்மா அங்கே உட்கார்ந்ததற்குச் சக்கரத்தைக் காரணம் சொல்லாதீர்கள். பாவம், ஏற்கெனவே மனம் வருந்தி எழுதியிருக்கிறார்.

எனக்கு பார்சிலோனா. அங்கே மெட்ரோவில் திருட்டு, பிக்பாக்கெட், கவனம் கவனம் என்று போவதற்கு முன்பே ஆளாளுக்குச் சொல்லி என்னை நடுங்க வைத்திருந்தார்கள். நான் தனியாகப் போனேன். மெட்ரோ மாறும் ஒரு இடத்தில் படிக்கட்டு, பெட்டியை ஒவ்வொரு படியாகத் தூக்கி வைத்துக்கொண்டிருந்தேன், பின்னாலிருந்து ஒரு கை வந்து பெட்டியின் கைப்பிடியைப் பிடித்தது. நான் தமிழில் "விடுடா" என்று கத்திவிட்டேன். அந்தப் பையனுக்கு இருபது வயது இருக்கும். அவன் விடவில்லை, மேலே வரை தூக்கிக்கொண்டு போய் வைத்துவிட்டு, இரண்டு உள்ளங்கையையும் என் பக்கம் விரித்துக் காட்டினான், ஒன்றும் எடுக்கவில்லை என்பது போல. அப்படியே கூட்டத்தில் போய்விட்டான். நான் நன்றி சொல்லவில்லை. வாய் வரவில்லை. அந்த விரித்த கைகள் எனக்கு ஏழு நாளும் கப்பலில் ஞாபகம் வந்தன.

வழியைக் கேட்பவர்களுக்கு: டிராசானஸ் மெட்ரோ ஸ்டேஷனில் இறங்கி வெளியே வந்து கொலம்பஸ் தூண் பக்கம் போனால் துறைமுக பஸ் கிடைக்கும், அது பாலம் தாண்டி அடோசாட் தளத்தில் உள்ள டெர்மினல்களுக்குப் போகிறது. அந்தப் பாலத்தைப் பெட்டியோடு நடந்து கடக்க யாரும் முயற்சி செய்ய வேண்டாம்.

மூன்றாம்தளம்

நடைவண்டி, டாக்ஸி பற்றி நீங்கள் சொன்னது சரி, ஒத்துக்கொள்கிறேன். ஆனால் குழந்தை, பெரியவர் கூட இருக்கும்போது நிலைமை வேறு. ஏதென்ஸில் நாங்கள் மெட்ரோவில்தான் போனோம், 2022 அக்டோபரிலிருந்து மூன்றாம் பாதை விமான நிலையத்திலிருந்து மாறாமலே ஏதென்ஸின் துறைமுகமான பிரேயஸ் வரை போகிறது, க்ரூஸ் வாசல்களுக்கு டிமோட்டிகோ தியாட்ரோ ஸ்டேஷனில் இறங்குவது கிட்டே. எங்கேயும் மாற வேண்டியதில்லை என்றால் நானும் ரயில் கட்சிதான்.

கரையோரம்

எல்லோருக்கும் நன்றி. சிவிட்டாவெக்கியா போகிறவர்கள் ஸ்டேஷன் வாசலிலேயே லார்கோ டெல்லா பாச்சேக்கு பஸ் இருக்கிறதா என்று கேளுங்கள், இருக்கிறது, நான்தான் கேட்கவில்லை.

நேற்று ராத்திரி நீங்கள் எழுதியதையெல்லாம் அம்மாவுக்கு வாசித்துக் காட்டினேன். சக்கரம் பற்றி வந்த இடத்தில் நிறுத்தச் சொன்னார். அது கோட்டைப் பக்கம் உடையவில்லையாம். ரோமில் ரயில் ஏறும்போதே படியில் இடித்து விரிசல் விட்டுவிட்டதாம், அம்மா அப்போதே பார்த்திருக்கிறார். "நீ ரயிலைப் பிடிக்கிற அவசரத்துல இருந்த, சொன்னா கோபப்படுவேன்னு சொல்லலை" என்றார். ஸ்டேஷனிலிருந்து அந்த இடம் வரைக்கும் அந்தப் பக்கத்தை லேசாகத் தூக்கிப் பிடித்துக்கொண்டே நடந்திருக்கிறார். நான் முன்னால் போய்க்கொண்டிருந்தேன்.