தைராய்டு ஆபரேஷனுக்குப் பிறகு அம்மாவின் குரல் வெறும் காற்றாக வருகிறது, திரும்புமா?

பூக்கூடை:
அம்மாவுக்குத் தைராய்டு கட்டி ஆபரேஷன் ஆகி ஏழு வாரம். இடது பக்கம் மட்டும்தான் எடுத்தார்கள், கட்டியும் சாதாரணக் கட்டிதான். ஆனால் மயக்கம் தெளிந்ததிலிருந்து குரல் பாதி சத்தம், பாதி காற்று. நாலு வார்த்தை பேசினால் மூச்சு வாங்குகிறது. முப்பது வருஷம் தெருத்தெருவாகக் கூவிப் பூ விற்றவர், இப்போது கூடையில் சைக்கிள் மணி ஒன்றைக் கட்டிக்கொண்டு போகிறார். இட்லி ஒழுங்காக இறங்குகிறது, ரசமும் காபியும்தான் புரையேறுகின்றன. மூச்சுக்குழாயில் டியூப் போட்ட வீக்கம், தானாகச் சரியாகும் என்று இரண்டு முறை அனுப்பிவிட்டார்கள். நரம்பை வெட்டிவிட்டார்களோ?

பழைய நர்ஸ்:
டியூப் வீக்கம் இவ்வளவு நாள் இழுக்காது தம்பி. தண்ணியாக இருப்பது மட்டும் புரையேறுகிறது என்றால் ஒரு பக்கக் குரல்நாண் அசையவில்லை என்றுதான் எனக்குத் தோன்றுகிறது. காது மூக்கு தொண்டை டாக்டரிடம் போனால் மூக்கு வழியாகச் சின்னக் கேமரா விட்டு ஐந்தே நிமிடத்தில் பார்த்துவிடுவார், இந்த வாரமே போங்கள். குரல்நாணை அசைக்கிற அந்த நரம்பு விசித்திரமானது. இடது பக்கத்து நரம்பு நெஞ்சுக்குள் இறங்கி, இதயத்திலிருந்து கிளம்பும் பெரிய ரத்தக்குழாயைச் சுற்றிக்கொண்டு மறுபடி மேலே ஏறி, தைராய்டுக்குப் பின்னால் ஒட்டினாற்போல் போய்த்தான் குரல்வளையைச் சேர்கிறது. வெட்டினால்தான் கெடும் என்றில்லை, கட்டியைத் தூக்கும்போது இழுபட்டாலும், ரத்தத்தை நிறுத்தச் சூடு வைத்தாலும் மரத்துப்போகும். அறுபடாமல் இருந்தால் பெரும்பாலும் சில மாதத்தில் எழுந்துவிடும். இழுத்து இழுத்துச் சத்தத்தோடு மூச்சு விட்டால் மட்டும் காத்திருக்காதீர்கள், நேரே அவசரப் பிரிவு.

மேல்ஸா:
நான் பாட்டு டீச்சர். எனக்குப் போனது வேறு நரம்பு, குரல்நாணை இழுத்துப் பிடிக்கிற தசைக்குப் போவது. பேச்சில் ஒன்றும் தெரியாது, மேல் ஷட்ஜம் மட்டும் வராது. டாக்டருக்கு அதைப் புரியவைப்பதற்குள் போதும் போதும் என்றாகிவிட்டது!

ஐந்துமாசம்:
எனக்கும் இடதுதான், ஐந்தாம் மாதம் குரல் வந்தது. அதுவரை காப்பாற்றியது பேச்சுப் பயிற்சிதான். தாடையை நெஞ்சோடு ஒட்டிக்கொண்டு சின்னச் சின்ன மடக்காக விழுங்கச் சொன்னார்கள், ஆளுக்கு ஆள் இது மாறும், பார்த்துவிட்டுத்தான் சொல்வார்கள். வேலைக்குக் குரல் அவசரம் என்றால் குரல்நாணில் ஜெல் ஊசி போட்டு நடுவுக்குத் தள்ளலாம், சில மாதம் தாங்கும். கழுத்தில் சின்னத் துண்டு வைக்கிற நிரந்தர ஆபரேஷனுக்கு ஒரு வருஷமாவது பொறுக்கச் சொன்னார்கள். தொண்டையைச் செருமிச் செருமிப் பேச மட்டும் விடாதீர்கள்.

பூக்கூடை:
போய் வந்தோம். திரையில் வலது நாண் கதவு மாதிரி ஆடுகிறது, இடது அப்படியே நிற்கிறது. அம்மா அதையே பார்த்துக்கொண்டிருந்தார். ஊசிக்கு அடுத்த வாரம் வரச் சொல்லியிருக்கிறார்கள். இன்று காலை தாடையை இறக்கிக் காபி குடித்தார், ஒரு தடவைதான் இருமல். மணியைக் கழற்றட்டுமா என்றேன். வேண்டாமாம், மாடி வீட்டுக்காரர்கள் அதைக் கேட்டே கூடையை இறக்கப் பழகிவிட்டார்களாம்.