ஒரே வண்டி, இரண்டு முத்திரை: நீங்கள் நேரில் கண்டது என்ன?

காட்பாடி டெரானோ:
முன்சக்கரத்தில் வந்த சத்தத்துக்காக என் நிசான் டெரானோவைக் கொணவட்டத்தில் ஒரு பட்டறையில் விட்டிருந்தேன். சக்கரத்தை வண்டியோடு இணைக்கும் லோயர் ஆர்மில் அப்பியிருந்த கிரீசை மெக்கானிக் கட்டைவிரலால் வழித்தபோது, அடியில் ரெனோவின் சாய்சதுர முத்திரை பளிச்சென்று தெரிந்தது. டெரானோவும் ரெனோவின் டஸ்டரும் சென்னை அருகே ஒரகடத்தில் ஒரே ஆலையில் உருவானவை என்பது 2013-இலேயே ஊரறிந்த செய்திதான். ஆயினும், "மூஞ்சி மட்டும்தான் சார் வேற" என்று அவர் சொன்னது இன்றும் உறுத்துகிறது. விளக்குகளும் டேஷ்போர்டும்கூட வேறு என்று வாதிட்டேன். அவர் வண்டிக்கடியிலிருந்து வெளியே வரவேயில்லை.

ராணிப்பேட்டை ஓட்டுநர்:
அந்த மெக்கானிக் சொன்னதை நான் ஏற்க மாட்டேன். ஃபியட்டின் 1.3 லிட்டர் மல்டிஜெட் டீசல் எஞ்சின்தான் மாருதி ஸ்விஃப்டில் டிடிஐஎஸ் என்றும், டாடா இண்டிகா விஸ்டாவில் குவாட்ராஜெட் என்றும் பெயர் மாறி ஓடியது. டிராவல்ஸில் இரண்டையும் ஓட்டியிருக்கிறேன். பள்ளிகொண்டா சுங்கச்சாவடியை விட்டுக் கிளம்பினால், டர்போ விழித்துக்கொள்ளும் வரை இரண்டும் ஒன்றுபோலவே சோம்பும், பிறகு ஒன்றுபோலவே பாயும். ஆனால் கிளட்சின் கனமும், கியர் விழும் விதமும், வளைவில் வண்டி சாயும் அளவும் முற்றிலும் வேறு.

ஆற்காடு செடான்:
ராணிப்பேட்டை நண்பர் எஞ்சின் பகிர்வையும் அடித்தளப் (வண்டியின் அடிப்படைக் கட்டமைப்பு) பகிர்வையும் ஒன்றாக்கிவிட்டார். ஸ்விஃப்டுக்கும் விஸ்டாவுக்கும் இடையே எஞ்சின் மட்டும்தான் பொது. டெரானோவும் டஸ்டரும் அடித்தளத்திலிருந்தே ஒன்று. என் கதை சிறியது: ஒரே குழுமத்தின் இரட்டைச் செடான்களுள் ஒன்று என்னிடம் உள்ளது (பெயர் வேண்டாம்). உதிரிபாகக் கடையில் இரு முத்திரைகளின் பெட்டிகளையும் பிரித்துப் பார்த்தால், இரண்டு ஃபில்டரிலும் ஒரே எண், விலை மட்டும் வேறு. ஆகவே எல்லோரும் பழைய பாகத்தில் பொறித்திருக்கும் எண்ணை முதலில் படம் எடுத்துக்கொள்ளுங்கள். கடைசி எழுத்து மாறியிருந்தால் அது பெரும்பாலும் திருத்தப்பட்ட வடிவமாக இருக்கும்; பொருந்துமா என்று கேட்டு உறுதிசெய்யுங்கள். ஃபில்டர், பிரேக் பேடு, சஸ்பென்ஷன் புஷ் போன்றவை பெரும்பாலும் இரண்டுக்கும் பொதுவானவை. பம்பரும் விளக்கும் அப்படியல்ல. மின்னணுக் கட்டுப்பாட்டுப் பெட்டி தோற்றத்தில் ஒன்றாக இருந்தாலும், அந்தந்த வண்டிக்கு ஏற்ப மென்பொருளைப் பதியாமல் வேலை செய்யாமல் போகலாம். ஏர்பேக்கில் எக்காரணம் கொண்டும் இந்தச் சிக்கனம் வேண்டாம்.

வாலாஜா கிளான்சா:
ஆற்காட்டாரிடம் யாரும் அறிவுரை கேட்கவில்லை என்றாலும், எண்ணைப் படமெடுப்பது நல்ல யோசனை. எங்கள் கிளான்சா, சுசுகி தயாரித்து டொயோட்டாவுக்கு வழங்கிய, மாருதி சுசுகியின் பலேனோதான். 2019-இல் பலேனோவுக்கு 2 ஆண்டு அல்லது 40,000 கி.மீ. உத்தரவாதம், கிளான்சாவுக்கு 3 ஆண்டு அல்லது 1 லட்சம் கி.மீ. "செஞ்சவனுக்கு இல்லாத நம்பிக்கை விக்கிறவனுக்கு எப்படி வந்தது தம்பி?" என்று அப்பா ஷோரூமில் கேட்டார். அந்த இளைஞர் பதில் சொல்லாமல் எங்களுக்குக் காபி வரவழைத்தார். கிளான்சாவையே எடுத்தோம்.