ஏழு பேர், ஒரே நாள்: மியூனிக்கிலிருந்து நொய்ஷ்வான்ஸ்டைன் கோட்டை

கேள்வி (இசார்கரை)
மியூனிக்கில் உதவித்தொகையில் ஆய்வு செய்யும் ஏழு பேர் ஒரு சனிக்கிழமை நொய்ஷ்வான்ஸ்டைன் போய்வர இருக்கிறோம். இருவரிடம் டாய்ச்லாண்ட் டிக்கெட் (ஜெர்மனி முழுதும் செல்லும் மாதச் சீட்டு) உண்டு, ஐவரிடம் இல்லை. என்ன சீட்டு எடுக்கலாம்? கோட்டைக்கு எத்தனை மணிக்குப் பதிவு செய்வது?

பதில் (தண்டவாளம்)
ஐவருக்கும் சேர்த்து ஒரே பயர்ன் டிக்கெட் (பவேரியா மாநிலத்துக்கான ஒருநாள் சீட்டு) போதும். அதன் உச்சவரம்பே ஐந்து பேர்தான். டாய்ச்லாண்ட் டிக்கெட் ஆளுக்குரியது, இன்னொருவருக்குக் கொடுக்க முடியாது. இரண்டுமே பிராந்திய ரயில்களில் மட்டும் செல்லும், ஐசிஇ, ஐசி என்ற நெடுந்தூர ரயில்கள் கூடாது. நீங்கள் இறங்கும் ஃபூசென் நிலையத்திலிருந்து, கோட்டை அடிவார ஊரான ஹோஹென்ஷ்வாங்காவ் போகும் பேருந்துக்கும் தனிச்சீட்டு வேண்டாம்.

வாரநாளில் பயர்ன் டிக்கெட் காலை 9 மணிக்கு மேல்தான் செல்லும். சனிக்கிழமை அந்தத் தடை இல்லை, விடியற்காலையிலேயே கிளம்பலாம். ஐந்து பெயரும் சீட்டில் இருக்க வேண்டும், பரிசோதகர் அடையாள அட்டையோடு ஒப்பிடுவார். பலரும் தவறு செய்வது திரும்பும்போதுதான்: ஐவரில் ஒருவர் "நான் அடுத்த ரயிலில் வருகிறேன்" என்று பின்தங்கினால் அவர் கையில் சீட்டே இருக்காது. பிடிபட்டால் குறைந்தது 60 யூரோ. திரும்பும் ரயிலைக் காலையிலேயே பேசி முடிவு செய்துவிடுங்கள்.

பதில் (மலைப்பாதை)
முதலில் கோட்டை நேரம், பிறகுதான் ரயில். உள்ளே வழிகாட்டியோடு மட்டுமே போக முடியும், சீட்டில் அச்சிட்ட நேரம் தவறினால் அந்தச் சீட்டு வீண். ஏழு சீட்டையும் ஒரே பதிவில் வாங்குங்கள், இல்லாவிட்டால் வேறு வேறு குழுவில் போய் விழுவீர்கள். மாணவர் சலுகை உண்டு, அட்டையை மறக்க வேண்டாம்.

ரயில் சுமார் 2 மணி நேரம், பேருந்து 10 நிமிடம், அடிவாரத்திலிருந்து ஏற்றம் 40 நிமிடம். 8 மணி வாக்கில் புறப்பட்டால் பதிவு 12.30க்கு முன்னால் வேண்டாம். வழியில் புக்லோவேயில் மாற வேண்டிய ரயிலென்றால், முதல் ரயில் கொஞ்சம் தாமதித்தாலும் இணைப்பு போய்விடும். ஃபூசெனில் மொத்த ரயில் கூட்டமும் அந்த ஒரே பேருந்துக்குத்தான் ஓடும். குதிரை வண்டியும் வாசல் வரை வராது, கடைசித் தூரம் நடைதான்.

சுற்று அரை மணி நேரம்தான். உள்ளே படம் எடுக்கக் கூடாது, பெரிய பைகளுக்கும் அனுமதி இல்லை. பவேரிய மன்னர் இரண்டாம் லுட்விக் 1869இல் தொடங்கி, 1886இல் இறக்கும்வரை முடியாத கட்டடம் இது. அரியணை மண்டபத்தில் அரியணையே இல்லை என்பதைக் கவனியுங்கள்.

இசார்கரை
நன்றி. கோட்டைச் சீட்டு கிடைக்காவிட்டால்?

பதில் (மலைப்பாதை)
போகலாம். கோட்டையின் முழு அழகும் தெரிவது மரியன்புரூக்கே பாலத்திலிருந்துதான், அதற்குக் கட்டணம் இல்லை. கோட்டையிலிருந்து 15 நிமிட நடை. பனி உறைந்தால் பாலத்தை மூடிவிடுவார்கள், மேலே போகும் பேருந்தும் ஓடாது, அதனால் குளிர்காலத்தில் முன்தினமே விசாரித்துக்கொள்ளுங்கள். லுட்விக் வளர்ந்த ஹோஹென்ஷ்வாங்காவ் கோட்டைக்குக் கூட்டம் குறைவு. பக்கத்திலேயே ஆல்ப்சே ஏரிக்கரை நடை.

பதில் (தண்டவாளம்)
பயணத்தை ஞாயிறுக்கு மாற்றினால் சாப்பாட்டை முதல் நாளே வாங்கி வையுங்கள், கடைகள் பூட்டியிருக்கும். ஃபூசென் ஆஸ்திரிய எல்லையை ஒட்டியது. நடந்து எல்லை தாண்டும் எண்ணமிருந்தால் ஏழு பேரும் கடவுச்சீட்டும் வதிவிட அட்டையும் அசலாகவே வைத்திருக்க வேண்டும், கைபேசிப் படம் உதவாது.